முந்நூறு தடவை

கார் சாவியின் பொத்தானை அழுத்தினால் அது கதவைத் திறக்கிறது என்று உலகம் நம்புகிறது. மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. சாவி எதையும் திறப்பதில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புது எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். அடுத்து வரவேண்டிய எண் எது என்று காருக்கும் தெரியும். பொருந்தினால் கார்தான் திறந்துகொள்கிறது. காருக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து முந்நூறு தடவை அழுத்தினால், சாவி எண்ணிக்கையில் எங்கோ முன்னே போய்விடும். கார் அதை யாரோ என்று பார்க்கும். துளையில் விட்டுத் திருகினாலும் அலாரம் அலறுமே தவிர வண்டி கிளம்பாது.

இந்த உண்மையை ஹேமாவதிக்கு மெக்கானிக் தாமோதரன் ஏற்கெனவே இரண்டு தடவை விளக்கியிருந்தான். இப்போது மூன்றாவது தடவையாக மீஞ்சூரிலிருந்து வெயிலில் பழவேற்காட்டுக்கு வந்திருந்தான். ஒரே மாதத்தில்.

“இன்னாம்மா இது? மறுபடியும் பாப்பா கையில சாவியக் குடுத்தியா?”

“வெளையாடிச்சுண்ணா.”

“வெளையாட வேற சாமானே கெடைக்கலையா? வூட்ல பெரியவங்க இன்னாதான் பண்றீங்க?”

ஹேமாவதி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது.

தாமோதரன் காரின் அலாரப் பெட்டிக்குச் சாவியை மறுபடி அறிமுகம் செய்துவைத்தான். ஐந்து நிமிட வேலை. வந்து போக இரண்டு மணி நேரம்.

“பாப்பாவக் கூப்புடு. நானே ரெண்டு வார்த்த சொல்றேன்.”

“அது ஆரம்பாக்கத்துல எங்கம்மா வூட்டுக்குப் போயி பத்து நாளாவுது...” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப யாரு அழுத்துனது?”

அவள் உள்ளே பார்த்தாள். அவள் புருஷன் வரதன், ஈரம் காயாத லுங்கியோடு, பாதி பாயிலும் பாதி தரையிலுமாகக் கிடந்து உறங்கிக்கொண்டிருந்தான்.

“மெதுவா பேசுண்ணா. நேத்து அவரு பாடு.”

பாடு என்பது ஏரியில் வலை போட ஊர் வைத்திருக்கும் முறை. சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு நாள். அன்று இறங்காவிட்டால் போனதுதான். விடியவிடிய இறால் பிடித்துவிட்டு, கரையேறிய கையோடு இந்தக் காரில் எளாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிறவன் வரதன்.

“தூங்கிட்டுப் போன்னா கேக்குறாரா? போன மாசம் ஸ்டீயரிங்லயே கண்ண மூடிட்டாரு. தடுப்புல இடிச்சாரு.”

“எங்கிட்ட நாய் குறுக்க வந்துச்சுன்னாரே?”

“உங்கிட்ட நாயா? எங்கிட்ட மாடுன்னாரு.” அவள் சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். “வண்டி தொறக்கலன்னாதான் அந்த மனுசன் படுப்பாரு. கம்பெனி ஆளுங்கள எங்கண்ணன் வேன்ல ஏத்திவுட்டுட்டேன். முந்நூறு தடவ அழுத்தினா தொறக்காதுன்னு நீதான சொல்லிக்குடுத்த?”

தாமோதரன் மோரைக் குடித்து முடித்தான். பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.

அடுத்த பாடு முடிந்த காலை, ஆறு மணிக்கே வரதன் போன் செய்தான்.

“அண்ணே, சாவி மறுபடி படுத்துக்கிச்சு. சீக்கிரம் வாண்ணே!”

“இதோ கெளம்பிட்டேன் வரதா.”

பழவேற்காட்டில் அவன் பைக் வந்து நின்றபோது மணி பதினொன்று.