கோழி அடைக்கும் குரைப்பு

எங்கள் நாய் துரை செத்த அன்றிலிருந்து கோழிகள் கூட்டுக்குள் அடைய மறுத்துவிட்டன. பொழுது சாய்ந்ததும் கூட்டு வாசலில் நின்று அவன் ஒரு தரம் குரைப்பான். அத்தனை முட்டைக்கோழிகளும் பேசாமல் உள்ளே போகும். இப்போது முருங்கைமரத்தில் ஏறி, கிளை மாற்றிக் கிளை மாற்றி உட்கார்ந்தன. முட்டையிடுவதும் நின்றுபோயிற்று. நேற்று செவலைக்கோழியை மரநாய் கொண்டுபோனதும், வேறு வழியில்லாமல் இன்று நானே குரைத்தேன். ஒன்றும் அசையவில்லை. வெள்ளைக்கோழி மட்டும் கழுத்தைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தது.

"இருமறீங்களா, கொரைக்கறீங்களா?" என்றாள் என் மனைவி மயிலாத்தா, அடுப்படியிலிருந்து.

"நீ வந்து கொரை, பாக்கலாம்."

"அவன் அடிவயித்துல இருந்து கொரைப்பானுங்க. நீங்க தொண்டையில கொரைக்கறீங்க."

துரையைப் புதைத்த பிறகு அவள் அவன் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பிறகு அவன் நிற்கும் இடத்தில் கையை ஊன்றிக் குனிந்து, அடிவயிற்றிலிருந்து குரைத்தேன். பக்கத்துத் தோட்டத்து நாய் பதில் சொன்னது. கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கி உள்ளே போயின.

கூட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினால், கோழி அடைந்ததும் செய்கிற பழக்கத்தில், துரையின் அலுமினியத் தட்டில் மோர்ச்சோறு கொண்டுவந்து வைத்திருந்தாள் மயிலாத்தா. வைத்த பிறகுதான் தட்டைப் பார்த்தாள். அதை எடுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

நான் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தேன்.

"உப்புப் போடலியா?"

"அவனுக்குப் போடறதில்லீங்க" என்றாள்.

நான் இன்னொரு வாய் எடுத்தேன்.