எக்ஸ்ரேயில் தெரியாதது

"உண்மையைச் சொல்லும்மா. குழந்தை கையை முறுக்கினது யாரு?"

டாக்டர் ஹொரியா போட்ட அதட்டலில் இலிங்கா பையனை அணைத்துக்கொண்டாள்.

"யாரும் முறுக்கலை டாக்டர். செர்ரி மரத்துல ஏறினான், வழுக்கி விழுந்துட்டான்."

"நீ இவனோட அம்மாவா?"

"இல்லை... இவங்கப்பாவை ரெண்டாவதா கட்டிக்கிட்டவ."

அவ்வளவுதான். அந்த மலையடிவார ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து நாலே நாள் ஆன ஹொரியாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நாலு வயது தூடோரின் முழங்கையில், எலும்பை விட்டுத் தள்ளி ஒரு சின்னச் சில்லு.

"சித்தி புத்தியைக் காட்டிட்டே, இல்ல? போலீஸுக்கு எழுதறேன். பையனைப் பெத்தவகிட்டயே ஒப்படைக்கணும்னும் சேர்த்து எழுதறேன்."

தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். இலிங்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அது முறிவு இல்லை டாக்டர்."

வாசலில் எக்ஸ்ரே எடுக்கும் ஸ்மரந்தா நின்றிருந்தாள். கையில் இன்னொரு படம்.

"படம் எடுத்தாச்சுல்ல மேடம்? அதோட உங்க வேலை முடிஞ்சுது."

"பதினாலு வருஷமா எடுக்கறேன், டாக்டர். எலும்புல சுண்ணாம்புச் சத்து இருக்கு, படத்துல வெள்ளையா விழும். குருத்தெலும்புல அது கிடையாது, விழவே விழாது. நாலு வயசுல முழங்கை மூட்டு முக்கால்வாசி குருத்தெலும்புதான். நடுவுல ஒரு துளி மட்டும் எலும்பா இறுகியிருக்கும். அதைத்தான் நீங்க சில்லுங்கறீங்க."

"அதை எப்படி நம்பறது?"

"இது இவனோட அடிபடாத கை, சேர்த்து எடுத்தேன். பாருங்க."

அதே சில்லு. அதே இடம்.

"ரெண்டு கையையும் அச்சு அசலா ஒரே மாதிரி முறுக்க யாரால முடியும்?"

ஹொரியா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பையனின் முழங்கையை மெல்ல மடக்கி நீட்டினார். வெறும் சுளுக்கு. முகம் சிவக்க, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

"மன்னிச்சுடும்மா. அவசரப்பட்டுட்டேன்."

"தூடோர், ரெண்டு கையையும் தூக்குடா, பார்க்கலாம்!" என்றாள் ஸ்மரந்தா.

பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி அவன் இரண்டு கையையும் உயர்த்தினான். இலிங்கா அழுகையும் சிரிப்புமாக அவனை அள்ளிக்கொண்டு போனாள்.

ஹொரியா அசடு வழியக் கேட்டார்.

"இவ்வளவு தூரம் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தீங்களே மேடம், அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?"

"ஆமா டாக்டர்" என்றாள் ஸ்மரந்தா. "என் பையனோட சித்தி."