யார் போட்ட வெடி?
திரைச்சீலை இடுக்கில் நுழைந்த பிற்பகல் வெயில் கணினித் திரையில் விழுந்து, செங்குத்தாக எழுந்த ஒரு கோட்டைப் பாதி மறைக்கிறது. விண்வெளித் தொலைநோக்கி இப்போதுதான் அனுப்பிய தரவின் கோடு அது; கதிர் அடங்க அடங்க அதுவும் இறங்கும். வானத்தின் ஏதோ மூலையில் காமாக் கதிர் வெடிப்பு. இடத்தை உடனே அறிவித்தால்தான் மற்ற தொலைநோக்கிகள் ஒளி அடங்குவதற்குள் அந்தப் பக்கம் திரும்பும். கண்காணிப்புப் பணியில் இருக்கும் அவள் விரல் அறிவிப்புப் பொத்தான்மேல் நிற்கிறது, அழுத்தவில்லை. போன மாதம் ஆட்களைச் சோதிக்கிறேன் என்று ஆய்வுக்குழுத் தலைவர் தரவுக்குள் ஒரு போலி வெடிப்பை நுழைத்துவிட்டார். அவள் உலகத்துக்கே தண்டோரா போட்டு அசடு வழிந்தாள். இன்று அந்த மனுஷன் எதிர்மேசையில், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு தேநீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். கரண்டிச் சத்தம் மட்டும் ஓயவில்லை.

"சார், உண்மையைச் சொல்லிடுங்க. இதுவும் உங்க வேலைதானே?"

கரண்டி நிற்கிறது. "நானா? போன தடவைக்குப் பழிவாங்க நீதான் போட்டிருக்கியோன்னு உன் முகத்தையே பார்த்துட்டு இருக்கேன்."

அவள் நம்பவில்லை. அவரும்தான். விரல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. திரையில் கோடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.