பாதியில் வெளியேறியவன்

"போடா, போய்ப் பொண்ணுங்களோட உக்காந்து டீ குடி."

மரப் பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கூட்டம் சான்சியைப் பார்த்துக் கத்தியது. போன வாரம்வரை அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போன அதே மாணவர்கள்தான்.

ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் அமெரிக்க ஃபுட்பாலில் தலைக்கவசம் இல்லாத காலம். அடி தாங்க முடியை வளர்த்துக்கொண்டு, மூக்கு உடைந்தால் துடைத்துவிட்டு ஆடுவார்கள். கல்லூரியின் நட்சத்திரமான சான்சியோ, பரம எதிரிகளோடு மோதும் ஆட்டத்தில், வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். வெளியே வந்தவன் திரும்ப இறங்கவும் முடியாது.

மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த எல்பர்ட் அவனை ஆத்திரத்தோடு பார்த்தான். நான்கு வருஷமாகப் பயிற்சியில் சான்சி மோதி வீழ்த்த உடம்பைக் கொடுத்தவன் அவன். நிஜ ஆட்டத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை. யாருக்காவது அடிபட்டால்தானே மாற்று ஆளுக்கு வாய்ப்பு? இந்த ஆட்டத்தில் ஆடியவனுக்குத்தான் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்து பின்னிய கௌரவ ஸ்வெட்டர். படிப்பும் இந்த வருஷத்தோடு முடிகிறது. போர்வைக்குள் அவன் ஆசையை விட்டே விட்டிருந்தான்.

கேப்டன் அவனைப் பார்த்துக் கையசைத்தார். எல்பர்ட் போர்வையை வீசிவிட்டு ஓடினான். இரண்டு தடவை சேற்றில் மிதிபட்டான். ஒரு தடியனைக் காலைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தான். ஆட்டமும் வெற்றியில் முடிந்தது.

உடை மாற்றும் கொட்டகையில் ஒரே கும்மாளம். கேப்டனே எல்பர்ட்டுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டார். அவன் அழுதேவிட்டான். சான்சியிடம் மட்டும் யாரும் பேசவில்லை. வருஷத்தின் சிறந்த பதினொரு பேரைப் பொறுக்க வந்திருந்த பத்திரிகைக்காரர், அவன் வெளியேறியதுமே உதட்டைப் பிதுக்கிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்பர்ட் நேரே சான்சியிடம் போனான்.

"ஒரு சுளுக்கு தாங்கலையாடா உனக்கு? நானா இருந்தா செத்தாலும் வெளிய வந்திருக்க மாட்டேன்."

"நீ வந்திருக்க மாட்டேதான்," என்றான் சான்சி. "ஸ்வெட்டர் உனக்கு நல்லா இருக்குடா. கைதான் கொஞ்சம் நீளம்."

எல்பர்ட் ஸ்வெட்டரின் கையை மடித்துவிட்டுக்கொண்டான். அதற்குள் தைல பாட்டிலோடு பயிற்சியாளர் டோலன் வந்துவிட்டார்.

"எங்க, அடிபட்ட காலைக் காட்டு."

சான்சி தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எல்பர்ட்டின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக் காதருகே கேட்டான்.

"டேய், நான் எந்தக் காலை நொண்டினேன்?"