அம்மன் எடுத்துக் கொடுத்த புத்தகம்

தேன்மொழி எழுதப்போகும் கிளவுட் கம்ப்யூட்டிங் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று அவளுக்கும் கணவன் சோமசேகருக்கும் காலையிலிருந்தே சண்டை.

“சின்னதா கேள்வி பதில் புத்தகம் இருக்குது. மனப்பாடம் பண்ணு, பாஸ் பண்ணு, அவ்ளோதான்” என்றான் சோமசேகர்.

“பாஸ் பண்ணிட்டு வேலையில போய் முழிக்கவா? விளக்கமா சொல்ற பெரிய புத்தகம்தான் எனக்கு வேணும்.”

“அதைப் படிச்சிக்கினு உட்கார்ந்தா சமையல யார் பார்க்கிறது?”

மாமியார் ஏலவார்குழலி குறுக்கே வந்தாள். “பூக்கட்டிப் பார்த்துடலாம்பா. ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒண்ணுல சிவப்பு. வெள்ளை வந்தா பெரிய புத்தகம். அம்மன் சொல்றதுதான் முடிவு.”

பொட்டலங்களை மாமியாரே கட்டி எடுத்து வந்தாள். தேன்மொழிக்கு இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. மகன் பேச்சை மாமியார் தட்டி அவள் பார்த்ததே இல்லை.

தெருமுனை அம்மன் சன்னதியில் வைத்துக் கும்பிட்டார்கள்.

“நீயே எடுடா” என்றாள் மாமியார்.

சோமசேகர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். வெள்ளை நந்தியாவட்டை. அம்மனே சொல்லிவிட்டாள். பெரிய புத்தகத்தை வாங்கக் கடைக்கு வண்டியைக் கிளப்பினான்.

மீந்த பூவை அம்மன் காலடியில் போடலாம் என்று தேன்மொழி மற்றப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலும் வெள்ளை நந்தியாவட்டை.

“என்ன அத்த இது? சாமியப் போய் ஏமாத்தலாமா?”

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “சாமிய யாரும்மா ஏமாத்தினாங்க? அவகிட்ட சொல்லிட்டுத்தான் கட்டினேன்.”