இன்னும் போடாத தார்ப்பாய்

“இந்த வாரமும் உப்புக்குத் தார்ப்பாய் போடலையாப்பா?”

சென்னையிலிருந்து போனில் கலைமதியின் குரல் சூடாக வந்தது.

“எங்கம்மா நேரம்? போட்டுடலாம்,” என்றார் சேட்டு.

மரக்காணம் உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருக்கும் மனிதருக்கு ஆயிரம் வேலை. எதையாவது மறந்துவிட்டு மனைவி விஜயலட்சுமியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அதனால் தன் ஆபீசில் பழகிய முறையை அப்பாவுக்கும் பழக்கினாள் மகள். அவர் போனில் வேலைகளைக் குறித்துவைக்கும் ஒரு ‘ஆப்’ போட்டுக் கொடுத்தாள்.

“மனசுல எதையும் வெச்சிக்காத. எல்லா வேலையையும் இதுல போட்டுடு. ஞாயித்துக்கிழமையானா நான் போன் பண்றேன். எது முடிஞ்சுது, எது முடியலன்னு ஒண்ணொண்ணா பார்த்துடலாம். நம்பி செஞ்சு பாருப்பா.”

சேட்டுவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மகள் சொல்கிறாளே என்று மோட்டார் பெல்ட், கேஸ் புக்கிங், உடைந்த வரப்பு என்று அந்த வாரமே எல்லாவற்றையும் முடித்து டிக் அடித்துவிட்டார்.

“சூப்பர்ப்பா. அப்ப பேச ஒண்ணும் இல்ல. வெச்சிடறேன்.”

பேச்சு அவ்வளவுதான். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே துணி துவைக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் மனிதருக்குச் சோம்பல் பிடித்துக்கொண்டது. வாரா வாரம் ஏதாவது ஒன்று பாக்கி. கயிறு கிடைக்கல, ஆள் வரல, காத்து அடிக்குது என்று நீளமாகக் கதை வேறு. கலைமதி விடாமல் திட்டுவாள். சேட்டு போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொள்வார்.

பாக்கியிலேயே பெரிய பாக்கி இந்தத் தார்ப்பாய். வாரிக் குவித்த உப்பு திறந்து கிடந்தால் ஒரு மழைக்குத் தாங்காது. ஒரு சீசன் உழைப்பு கரைந்து போய்விடும்.

கடலோரத்தில் கனமழை என்று டி.வி.யில் சொன்னார்கள். கலைமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. லீவு போட்டாள். புதுத் தார்ப்பாய் ஒன்றை வாங்கிக்கொண்டு பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடித்து, மரக்காணத்தில் இறங்கி, நேரே உப்பளத்துக்கு ஓடினாள்.

உப்புக் குவியலின் மேல் தார்ப்பாய் இருந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வெயிலில் நிறம்கூட வெளுத்திருந்தது.

சாப்பாடு கொண்டுவந்த விஜயலட்சுமி மகளைப் பார்த்துத் திகைத்தாள். “இன்னாடி இது மூட்டை? உங்கப்பா சித்திரையிலியே தார்ப்பாய் போட்டுட்டாரே.”

கலைமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்ப வாரா வாரம் எதுக்குப்பா பொய் சொன்ன? லீவு போட்டு அடிச்சுப் புடிச்சு ஓடி வந்திருக்கேன்.”

சேட்டு உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தார். மகளைப் பார்க்காமலேயே சொன்னார்.

“எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா நீ உடனே போனை வெச்சிடறியேம்மா. பாக்கி இருந்தாத்தான், திட்டறதுக்காவது கொஞ்ச நேரம் பேசற.”

கலைமதி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

மழை விட்டதும் சென்னைக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை சேட்டுவின் போன் அடித்தது.

“தார்ப்பாய் போட்டியாப்பா?”

சேட்டு கொஞ்சம் யோசித்தார். “இன்னும் போடலம்மா.”

“சரி. ஏன் போடலன்னு பொறுமையா சொல்லு. எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல.”