ஆறாம் அத்தியாயத்தில் குறட்டை

"சந்தேகமே இல்லை மேடம். ஒப்பந்தத்தை மீறிட்டாங்க" என்று எடிட்டர் தன் போனை மேஜை மேல் தள்ளினார்.

எழுத்தாளர் எடுத்துப் பார்த்தார். மாயாஜாலத் தொடர் ஒன்றின் முதல் நாவலிலேயே வாசகர்களைக் கட்டிப்போட்டவர் அவர். இரண்டாம் நாவல் அச்சுக்குப் போகுமுன், வேகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆறு வாசகர்களிடம் பிரதி கொடுத்திருந்தார்கள். ஐந்து பேர் 'பறக்குது', 'பிரமாதம்' என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள்.

ஆறாவதாக ஒரு வாசகி. அவள் அனுப்பியது வேறு மாதிரி இருந்தது.

'ஆறாம் அத்தியாயம்: ரெண்டு பேர் குறட்டை. ஒன்பது: ஒருத்தர்கூட மணி பார்க்கலை. பதினொண்ணு: திரும்பவும் மணி பார்க்க ஆரம்பிச்சாங்க. பதினாலு: இருமல் சத்தம்கூட இல்லை.'

"யாருக்கும் காட்ட மாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்கோம். இந்தம்மா கூட்டம் சேர்த்துப் படிச்சுக் காட்டியிருக்கு!"

ராணிதான் அந்த நெருப்புப் பறவை என்ற ரகசியம் கடைசி அத்தியாயத்தில்தான் உடைகிறது. அது இப்போதே வெளியே கசிந்தால் மூன்று வருஷ உழைப்பு பாழ். போதாக்குறைக்கு அந்தக் குறட்டை வேறு சுருக்கென்று தைத்தது. ஆறாம் அத்தியாயம் கொஞ்சம் இழுக்கிறதோ என்று எழுத்தாளருக்கே ஒரு சந்தேகம் உண்டு.

வாசகிக்குப் போன் போட்டார்.

"எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டுனீங்க?"

"இன்னிக்கு ஒன்பது பேர் இருக்காங்க மேடம்" என்றது குரல்.

"உடனே பிரதியை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்க."

"இப்ப எழுந்திருக்க முடியாதே மேடம். நீங்க வேணா வாங்களேன். இன்னிக்குத்தான் கடைசி அத்தியாயம்." தெருவையும் கட்டட எண்ணையும் சொன்னாள்.

"கொழுப்பைப் பார்த்தீங்களா? காட்சி நேரம் சொல்லிக் கூப்பிடறாங்க!" எடிட்டர் கார் சாவியை எடுத்தார்.

போய் நின்ற இடம் ஒரு ஆஸ்பத்திரி. இரண்டாம் மாடி, டயாலிசிஸ் பிரிவு.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஒரு மெஷின். நடுக் கட்டிலில் வாசகி. இடது கையில் ஊசியும் குழாய்களும். வலது கையில் பிரதி. வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கங்களை நர்ஸ் புரட்டிக் கொடுத்தாள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் படித்தது எழுத்தாளரே எழுதிய வரிகள்தான். ஆனாலும் யாரோ எழுதியதை முதல்முறையாகக் கேட்பது போலிருந்தது அவருக்கு. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எடிட்டர் வாயைத் திறந்தார்.

"உஷ்!" என்று நர்ஸ் அவரைக் கதவோரம் தள்ளிக்கொண்டு வந்தாள். "நாலு மணி நேரம் சார், வாரத்துக்கு மூணு தடவை. இவங்களுக்கு முதல் எதிரியே அந்தக் கடிகாரம்தான். அதோ, கேப்டன்னு கூப்பிடுவோம், அவர் படுத்த உடனேயே 'இன்னும் எவ்வளவு நேரம்'னு ஆரம்பிச்சிடுவார். இப்ப சத்தமே இல்லை. கதை என்னன்னு அவர் சம்சாரம் கெஞ்சறாங்க. கட்டினவங்ககிட்டகூட மூச்சு விடலை மனுஷன்."

"ஆறாம் அத்தியாயம் ரொம்ப இழுக்குதோ?" எழுத்தாளரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயோ, அதை வெட்டிடாதீங்க மேடம். அந்த ரெண்டு பேரும் இங்க கண்ணசந்ததே அன்னிக்குத்தான்."

வாசகி இப்போதுதான் அவர்களைப் பார்த்தாள். குரல் நின்றது.

"தப்புத்தான் மேடம். முதல் நாள் மனசுக்குள்ளதான் படிச்சேன். பக்கத்துக் கட்டில்ல இந்தப் பொண்ணு புதுசு. ஊசியைப் பார்த்துப் பார்த்து அழுதா. கொஞ்சம் சத்தமாப் படிச்சேன், அழுகை நின்னுடுச்சு. அப்புறம் என்னால நிறுத்த முடியலை." பிரதியை நீட்டினாள். "எடுத்துக்குங்க."

எழுத்தாளர் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"போலாமா மேடம்?" எடிட்டர் கிசுகிசுத்தார்.

எழுத்தாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசகி விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மலை உச்சியில் ராணி கிரீடத்தைக் கழற்றி வைத்தாள். தோளிலிருந்து நெருப்பாய் இறக்கைகள் விரிந்தன.

"அடிப்பாவி, இவதானா அது!" என்று ஒரு கட்டிலிலிருந்து அலறல். போர்வை விலகியது.

எழுத்தாளர் நிமிர்ந்து பார்த்தார். விரிந்த கண்கள், திறந்த வாய்கள். அந்த வரியை எழுதியபோது அவர் கற்பனை செய்தது இதில் பாதிகூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மேலே படிக்க முடிந்தது.

இன்னும் சில பக்கங்கள் இருக்கும்போதே கேப்டனின் மெஷின் 'பீப் பீப்' என்றது. அவருடைய நேரம் முடிந்துவிட்டது. நர்ஸ் குழாயைக் கழற்றப் போனாள்.

ஊசியில்லாத கையால் அவளைத் தடுத்தார் கேப்டன்.

"இரும்மா. இந்தக் கட்டில்ல வந்து படுத்த நாள்லேருந்து, ஐயோ முடிஞ்சிடப் போகுதேன்னு இன்னிக்குத்தான் பயப்படறேன்."